அப்பாவிடம் கேட்காத பதினான்கு கேள்விகள்

டீச்சர் சொன்னதில் குழப்பம் எதுவுமில்லை. "உங்க வீட்டுல உழைக்கிற ஒருத்தரைப் பேட்டி எடுத்து எழுதுங்க. கேள்வி தயாரிக்க ஏஐ-கிட்ட உதவி கேக்கலாம். எழுதினதைத் திருத்தவும் கேக்கலாம். பதில் மட்டும் அவங்க வாயிலிருந்துதான் வரணும்." பதினோராம் வகுப்பு மொத்தமும் தலையாட்டியது. தலையாட்டக் காசா, பணமா?

அந்த வகுப்பிலிருந்த ஒருத்தி ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்லி, என்னவெல்லாம் கேட்கலாம் என்று ஏஐ-யோடு உட்கார்ந்து யோசித்தாள். நல்ல கேள்விகளாகப் பதினான்கு தேறின. அவற்றை எழுதிய நோட்டை அப்பா வாங்கி இரண்டு தடவை படித்தார். "அடேயப்பா, பெரிய மனுஷி! ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வெச்சுக்குவோம்" என்றார்.

சனிக்கிழமை மதியம் அவளுக்குச் சோம்பல் வந்தது. மறுநாள் தோழிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "பதிலையும் நீயே எழுதேன்" என்று தட்டினாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஜென்மம் அது. ஒரு நிமிஷத்தில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தது. கடைசி வரியில், "இவை மாதிரிப் பதில்கள் மட்டுமே. அப்பாவிடம் கேட்டு அவருடைய சொந்தப் பதில்களை எழுதுங்கள்" என்றும் சொல்லியிருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் அவள் அழித்தாள். இயந்திரத்துக்கு இருந்த நேர்மை அன்று அவளுக்கு இல்லை. இதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பத்து மணிக்கு முன்பே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, டிவியை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா சலவைக்கடை வேலைக்குப் போயிருந்தாள்.

"ஆரம்பிக்கலாமா?"

"முடிச்சிட்டேன்பா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"நான் ஒண்ணுமே சொல்லலியேம்மா?"

"ஏஐ எழுதிடுச்சு."

"என்னைப் பத்தி அதுக்கு எப்படித் தெரியும்?" கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "லிஃப்ட் மெக்கானிக்னா எல்லாருக்கும் ஒரே கதைதானேப்பா."

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு, அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

புதன்கிழமை காலை ஒரு பதினொரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், அப்பாவுக்கு மாரடைப்பு. கூட வேலை பார்த்தவர் ஸ்பானர் எடுக்கக் கீழே போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று நாளாக நெஞ்சு ஒரு மாதிரி இருப்பதாக அன்று மாடி ஏறும்போதுதான் அந்தக் கூட்டாளியிடம் அப்பா சொன்னாராம். வீட்டில் அதைக்கூட அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் பள்ளிக்குப் போனபோது, அந்தத் திங்கட்கிழமை கொடுத்திருந்த பேட்டி திருத்தி வந்திருந்தது. இருபதுக்குப் பத்தொன்பது. "அப்பாவின் குரல் அப்படியே கேட்கிறது" என்று டீச்சர் எழுதியிருந்தார். அவள் அதைப் பையின் அடியில் திணித்தாள். துவைக்கப் பையைக் கவிழ்த்த அம்மாவின் கையில் அது சிக்கியது.

அம்மா படித்தாள். மறுபடி படித்தாள். சமைக்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். 'நான் மனிதர்களை உயரே அனுப்புகிறேன். நானோ கீழேயே நின்றுவிடுகிறேன்' என்ற இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா ஜென்மத்துக்கும் அப்படிப் பேசியதில்லை. "கயிறு தேஞ்சா அதுவே சொல்லும், நாமதான் காது குடுக்கணும்" என்பதுதான் அவர் பேச்சு.

"இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தேன். என்கிட்ட இதுல ஒண்ணுகூட சொன்னதில்லையே மனுஷன். உன்கிட்டயாவது வாயைத் திறந்தாரே, அது போதும்டி எனக்கு" என்றாள் அம்மா. மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை அம்மா தலைவாரிப் புறப்பட்டு நின்றாள். கையில் அந்த மூன்று பக்கம்.

"எங்கம்மா?"

"வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துல, நடுவுல நின்ன லிஃப்ட்டுல இருந்து ஒரு கர்ப்பிணிப் பொண்ணைக் காப்பாத்தினேன்னு சொல்லியிருக்காரே. அந்தப் புள்ளைக்கு இப்ப உன் வயசுக்கு மேல இருக்கும். அவங்களுக்குத் தகவல் சொல்ல வேணாமா? கூட வேலை பார்த்தவரைக் கேட்டேன், ஞாபகமில்லைன்னுட்டார். அவர் பார்த்த பழைய கட்டடம் நாலுதான். ஒவ்வொண்ணா ஏறி விசாரிச்சா யாராவது சொல்ல மாட்டாங்களா?"

"போகாதம்மா."

"ஏன்?"

"அப்படி யாரும் இல்லம்மா." அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா எதுவுமே சொல்லல. நான் கேக்கவே இல்ல. அவர் ரெடியாகி உக்காந்திருந்தார், நான் சினிமாவுக்குப் போயிட்டேன்."

அம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை. அம்மா அந்தக் காகிதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புருஷன் இரண்டாம் தடவையாகச் செத்துப்போனார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பா அன்று உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கேள்வியாவது நிஜமா?"

"நிஜம்மா. அவர் படிச்சார்."

"எடுத்துட்டு வா. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்."

நோட்டைத் திறந்து அவள் கேட்டாள். அப்பாவுக்கு வேலை கற்றுக்கொடுத்தது யார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எந்த விரலில் எப்போது காயம் பட்டது என்றும் தெரிந்திருந்தது. நாலாவது கேள்வி: வேலையில் எப்போதாவது பயந்ததுண்டா?

அம்மா யோசித்தாள். "வர லேட்டாகுமான்னு கேட்டிருக்கேன். சாப்டீங்களான்னு கேட்டிருக்கேன். இதை நானும் கேட்டதில்லையேடி" என்றாள்.

மகள் 'தெரியாது' என்று எழுதினாள். ஆறாவதுக்கும் அதையே எழுதினாள். அப்புறம் ஏழு, எட்டு, பத்து. இருவரும் அழுதார்கள், அழுதுகொண்டே அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

பதினான்காவதை அவளால் சத்தமாக வாசிக்க முடியவில்லை. அம்மா நோட்டை வாங்கித் தானே வாசித்தாள்.

"இதுவரை யாரும் உங்களிடம் கேட்காத, ஆனால் நீங்கள் சொல்ல நினைக்கிற விஷயம் எது?"

அம்மா நோட்டை மூடி மகளின் மடியில் வைத்தாள்.

"இதை அவர்கிட்டதான்டி கேக்கணும்."