குல்சுமுக்கு அனுப்பிய மூன்று தரைகள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. பொன்னேரியில் சிமெண்டு விற்கும் நண்பர் ஒருவர், தன் கடை நாட்காட்டியின் பின்பக்கத்தில் அச்சடிக்க, வீட்டுக்கு ஏற்ற தரை எது என்று ஒரு பக்கம் கேட்டார். சிமெண்டுதான் உசத்தி என்று முடிந்தால் போதுமாம். தரையைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று அவரும் கேட்கவில்லை, ஒன்றும் தெரியாது என்று நானும் சொல்லவில்லை.

"சாணம் மெழுகிய மண் தரை வெயிலுக்கு இதம், மெழுகாமல் விட்டால் பொருக்குத் தட்டும். சிவப்புச் சிமெண்டுத் தரை தேய்க்கத் தேய்க்க முகம் காட்டும். உப்புத் தண்ணீரில் குழைத்தால் வெள்ளை பூக்கும். கடப்பைக்கல் கறையைக் காட்டாது, ஆனால் மழைக்காலத்தில் —"

இந்த இடத்தில் அப்துல் வஹாப் என்று ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டுரைக்குள் வந்துவிட்டார். கட்டுரை அதோடு சரி.

2

"1956-ஆம் வருடம் தை மாதம், கும்மிடிப்பூண்டி வானில் கதிரவன் தன் பொற்கரங்களை —"

வேண்டாம். தரையைப் பற்றிய கதைக்கு வானம் எதற்கு?

அப்துல் வஹாப் கருவாட்டு வியாபாரி. பழவேற்காட்டில் மனைவி குல்சுமின் வீட்டில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தவர். அவள் குடும்பத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர வேண்டும்.* அந்த வீட்டில் அவரை யாரும் ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. இருந்தாலும் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் 'இங்கே அடிக்கட்டுமா?' என்று கேட்டுத்தான் அடித்தார். இருபத்திரண்டு வருடம் கேட்டது போதும் என்று தோன்றியது. கும்மிடிப்பூண்டி ரயிலடிப் பக்கம் மனை வாங்கி, தன் பேரில் ஒரு வீடு எழுப்பினார். சுவர் நின்றது, கூரை ஏறியது, தரை மட்டும் பாக்கி. அங்கேயே தங்கிக்கொண்டு, வந்துவிடு என்று குல்சுமைக் கூப்பிட்டார். எனக்கு அந்த வீடு வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

இங்கேதான் மனிதர் வியாபாரியாகிப் போனார். கருவாட்டுச் சந்தையில் 'வேண்டாம்' என்றால் வேறு கூடையைக் காட்டு என்று அர்த்தம். வீட்டில் எது குறை என்று யோசித்தார். தரைதான் குறை. ஆகவே தரைதான் காரணம் என்று முடிவு கட்டினார்.

(* எல்லாக் குடும்பத்திலும் இப்படியா என்று கேட்காதீர்கள். இந்தக் குடும்பத்தில் இப்படி. இதைக் கட்டியவன் நான் என்பதால் அடித்துச் சொல்லலாம்.)

3

குல்சுமின் தம்பி ஹபிபுல்லா வாராவாரம் கருவாட்டுக் கூடைகளை வண்டியில் கொண்டுவருவான். திரும்பிப் போகும் காலி வண்டியில் குல்சுமுக்குத் தரை மாதிரிகள் போயின. முதல் வாரம் ஒரு கடப்பைக்கல். அடுத்த வாரம் மதராஸிலிருந்து வரவழைத்த மொசைக் சதுரம் ஒன்று. மூன்றாவது வாரம், கொத்தனார் ராஜமாணிக்கம் பலகைமேல் வார்த்து, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்த சிவப்புச் சிமெண்டுப் பாளம்.

ஒவ்வொரு தடவையும் நல்ல சேதிதான் வந்தது.

"அக்கா பாத்துச்சு மச்சான். கல்லு ஷோக்கா கீதுன்னு சொல்லிச்சு. அதே மாறி இன்னொண்ணு கெடைக்குமான்னு கேக்க சொல்லிச்சு."

வஹாபுக்கு வாயெல்லாம் பல். எதைப் போடலாம் என்று கொத்தனாரைக் கேட்டார். ராஜமாணிக்கம் பீடியை அணைத்துவிட்டு, எந்தத் தரையானாலும் நடக்க ஆள் வந்தால் சரி பாய் என்றார்.

(குல்சுமை முதல் பிரதியில் பிடிவாதக்காரியாக எழுதியிருந்தேன். 'அவள் அழுத்தக்காரி, சொன்னதைச் —' என்று ஒரு வாக்கியம் பாதியில் கிடக்கிறது. கதைக்கு அது சௌகரியம். ஆனால் அடுத்த காட்சியில் அவள் பேச ஆரம்பித்ததும் அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லாமல் போயிற்று.)

4

எந்த மாதிரி பிடித்தது என்று நேரிலேயே கேட்டுவிட வஹாப் பழவேற்காட்டுக்குப் போனார். குல்சும் கடப்பைக்கல்லின்மேல் மடவை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மொசைக் சதுரம் எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்கு மூடி. சிவப்புப் பாளத்தின்மேல் தண்ணீர்ப் பானை உட்கார்ந்திருந்தது. மூன்றும் நல்ல சாமான் என்று அவள் மனதாரப் பாராட்டினாள்.

வஹாப் கிளிஞ்சல் சுண்ணாம்புத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். அப்போ வரமாட்டாயா என்று கேட்டார். அவள் கையைக் கழுவிக்கொண்டு எதிரில் வந்து அமர்ந்தாள்.

"இங்க சண்ட வந்தா நீங்க கோவிச்சுக்கினு கெளம்பிப் பூடுறீங்க. அங்க சண்ட வந்தா நான் எங்கங்க போவேன்?"

"இங்கதான். இந்த ஊடு எங்க பூடும்?"

"நீங்க போனா யாவாரத்துக்குப் போனாருன்னு ஊரு சொல்லும். நான் வந்தா வாழாம வந்துட்டான்னு சொல்லும். என் பேருல எழுதுங்க. மண்ணு தரையானாலும் வர்றேன்."

வஹாபுக்கு வெட்கமாக இருந்தது. விருந்தாளியாக வாழ்வதன் கஷ்டம் தனக்கு மட்டுமே தெரியும் என்று இருந்துவிட்டார். அதையே அவள் தலையில் கட்டப் பார்த்தோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்ததே தவிர, யோசித்துச் சொல்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

5

முடிவுகள் கைவசம் இரண்டு இருக்கின்றன.

(அ) எழுதிக் கொடுக்கிறார், அவள் வருகிறாள். சுபம். ஆனால் அவர் மறுபடியும் மனைவி வீட்டு மாப்பிள்ளை; ரயில் சத்தம் மட்டும் உபரி. இதற்காகவா அந்த மனிதர் வீடு கட்டினார்?

(ஆ) எழுதிக் கொடுக்கவில்லை. மொசைக் தரை போட்டு, தனியாக அதன்மேல் —. இதை எழுதி அடித்துவிட்டேன். அவர்மேல் எனக்குப் பரிதாபம் வந்துவிட்டது. அவளை மறந்துவிட்டுத்தான் அந்தப் பரிதாபம் வந்தது.

ஆகவே வஹாபைப் பொன்னேரிப் பத்திர ஆபீசு பெஞ்சில் உட்கார்த்தி வைத்தேன். முத்திரைத்தாள் வாங்கியாயிற்று. எழுத்தர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "யார் பேருக்கு பாய்?" என்கிறார். வஹாப் வாயைத் திறக்கிறார்.

இதுவரை எழுதியதை என் மனைவி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "நம்ம வீடு யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டாள்.

கதை எப்படி இருக்கிறது, அதைச் சொல் என்றேன்.

"கதையப் பத்திதான் கேக்குறேன்" என்றாள்.

வஹாப் இன்னும் அந்த பெஞ்சில்தான் இருக்கிறார். எழுத்தரும் காத்திருக்கிறார். பேரை நீங்கள் சொல்லிவிடுங்கள். என் பேரில் இருக்கும் இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னால் அதை எழுத முடியாது.