வானத்தில் விட்டுப்போன தாய்மாமன்

சேந்தமங்கலம் கோழிப்பண்ணைக்காரர் சென்னியப்பன், மகள் நித்யஸ்ரீயின் கல்யாணத்துக்கு ரோட்டோரம் பேனர் வைக்கவில்லை. ரோட்டில் வைக்க அனுமதி வாங்குவதைவிட விண்வெளிக்கு ஏற்றுவது மலிவாகிவிட்ட காலம். ஆறு ஏக்கர் பரப்பில், குடும்பமே கைகூப்பி நிற்கும் பேனர் மேலே ஏறியது. ஒன்றரை மணிக்கொரு தடவை பண்ணைக்கு மேலே வந்து சூரியனை மறைத்தது. கோழிகள் அதை ராத்திரி என்று நம்பி, அது நகர்ந்ததும் விடிந்துவிட்டதென்று ஒவ்வொரு முறையும் முட்டையிட்டன. முட்டை கோலிக்குண்டு அளவுக்கு வந்தது. சென்னியப்பன் அதையும் பொறுத்துக்கொண்டார்.

மூன்றாவது சுற்றில் அவர் மனைவி ஆத்தாயி அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க, என்ற தம்பி எங்கீங்க?"

பார்த்தார். மாப்பிள்ளை கவின் இருந்தான், பண்ணை நாய்கூட இருந்தது. தாய்மாமன் பாலசுந்தரத்தைக் காணோம்.

தாய்மாமன் கைபிடித்து அழைத்து வராமல் அந்தப் பக்கத்தில் பெண் மேடையேற மாட்டாள். அவரோ அயோத்தியாப்பட்டணத்தில் மொட்டைமாடியில் படுத்து, சுற்றுக்குச் சுற்று தன் முகத்தைத் தேடிக் கழுத்துச் சுளுக்கிக் கிடந்தார். "கல்யாணத்துக்கு வரமாட்டேன்" என்று சொல்லியனுப்பிவிட்டார். இன்னும் நாலே நாள்.

சென்னியப்பன் ராக்கெட் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"அதை ஒடனே எறக்கோணுங்க."

"நாங்க ஏத்தறது மட்டுந்தாங்க. தானா எறங்க முப்பது வருசமாகும்."

"அப்ப மாமனுக்குத் தனியா ஒண்ணு ஏத்துங்க!"

ஏற்றினார்கள். அங்கே ஏற்கெனவே சேலம், நாமக்கல் காதுகுத்தெல்லாம் நெரிசலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மாமன் பேனர் போன வேகத்தில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்புவிழாமீது மோதியது. பாலசுந்தரத்தின் பாதி மீசை மட்டும் கோழிக் கொட்டகைமேல் வந்து விழுந்தது.

வேறு வழியில்லாமல் சென்னியப்பன் வெற்றிலைத் தட்டோடு பஸ் ஏறினார்.

"வாங்க மச்சான்," என்றார் பாலசுந்தரம், சுவரைப் பார்த்தபடியே. கழுத்து திரும்பவில்லை. "வானத்துக்குப் போற தூரம் கொறஞ்சுபோச்சு. எங்கூட்டுக்கு வாற தூரம் மட்டும் கூடிப்போச்சுங்களா?"

"தப்புத்தான் மாப்ளே. நீ வந்து புள்ளையக் கைபுடிச்சுக் கூட்டிட்டு வா."

வந்தார். தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாகப் பேனரும் வந்தது. மண்டபமே இருண்டது. செல்போன் வெளிச்சத்தில் அட்சதை விழுந்தது. "இப்பவும் என்ற மூஞ்சி தெரியாமப் போச்சே!" என்று இருட்டில் ஒரு குரல் கேட்டது.

பக்கத்திலிருந்த பால்பண்ணைக்காரர் கண்ணுசாமி மெல்லக் கேட்டார்: "அடுத்த மாசம் எங்கூட்டுல காதுகுத்துங்க. இதை ஏத்த எவ்வளவுங்க ஆச்சு?"

"ஏத்தறதக் கேக்காதீங்க சாமி, எறக்க முடியுமான்னு கேளுங்க," என்றார் சென்னியப்பன். "மலிவாக் கெடைக்குதுன்னு ஆளாளுக்கு வானத்தை அடைச்சுப்போட்டா, வெயிலுக்கு எங்கீங்க போறது? எறக்க முடியாத ஒண்ணை எவனும் ஏத்தவே கூடாதுங்க."