பின்வாசலில் ஒரு நபர்

நான்காவது கேமராவைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் மறுத்துக்கொண்டிருந்தது. வாசல், கூடம், மாடிப்படி மூன்றும் திரையில் கட்டம் கட்டமாக வந்து உட்கார்ந்துவிட்டன. பின்வாசலுக்கான கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தது. நான் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பது புள்ளியியல். ஆனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படிக்கிற எல்லாமே கம்ப்யூட்டர் படிப்புதான். ஆகவே, கேமராக்களை வாங்கி அனுப்பியது மட்டும்தான் அக்கா. ஏணியில் ஏறுவது, சுவரில் ஓட்டை போடுவது, தப்பான இடத்தில் போட்ட ஓட்டையைப் பற்பசை வைத்து அடைப்பது எல்லாம் என் பொறுப்பு.

அப்பா காலமான பிறகு அம்மா இந்த வீட்டில் தனியாக இருப்பதற்கு அக்கா விதித்த நிபந்தனை இது. அவள் தன் ஊரிலிருந்து போனில் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதாவது சரியில்லை என்று பட்டால் அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு அவளோடு போய்விட வேண்டும், வீட்டைப் பூட்டிவிட வேண்டும். அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தலையாட்டினாள். பேரம் பேசாமல் கத்தரிக்காய்கூட வாங்காதவள். இந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது என்பதற்காக எதற்கும் தலையாட்டுவாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அம்மா, திருடன் மாதிரி ஒரு தடவ கூடத்துல நடந்து காட்டு. ஆளைப் பிடிக்குதான்னு பாக்கணும்."

"திருடன் எப்படிடா நடப்பான்?"

"மெதுவா."

"மூட்டுவலி வந்ததுல இருந்து நான் மெதுவாத்தான் நடக்கிறேன். அப்ப நானும் திருடிதானா?"

நடந்தாள். பாதி வழியில் நின்று, நாற்காலியில் நான் எறிந்திருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தாள். திருடர்கள் துண்டு மடிப்பதில்லை என்று சொன்னேன். அதனால்தான் உருப்படாமல் போகிறார்கள் என்றாள். கம்ப்யூட்டர் அவளைச் சுற்றிப் பச்சைக் கட்டம் வரைந்து, மேலே 'நபர்' என்று எழுதியது. அம்மாவுக்காக மொழியைத் தமிழில் வைத்திருந்தேன். எட்டிப் பார்த்து, "பரவால்ல, இதாவது ஒத்துக்குது" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

நான்காவது கேமராவின் வயரைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். எல்லாத் தொழில்நுட்பமும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது. கறுப்புக் கட்டம் விழித்துக்கொண்டது. நாற்காலிக்கு வருவதற்குள் போன் அடித்தது.

"டேய், பின்னாடி யாருடா நிக்கிறது?" என்று பதறினாள் அக்கா. "ஆம்பள ஆளுடா! நபர், நபர்னு என் போன் கத்துது."

திரையைப் பார்த்தேன். துணிக்கொடியில் அப்பாவின் கோடுபோட்ட நீலச் சட்டை. ஹேங்கரில் மாட்டியிருந்ததால் தோள் நிறைந்து நின்றது. காற்றில் ஒரு கை லேசாக எழுந்து இறங்கியது. சுற்றிலும் பச்சைக் கட்டம். கீழ் ஓரத்திலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்காவும் அதற்குள் பார்த்துவிட்டாள்.

"அலமாரியில இருக்கறத எடுத்துத் துவைச்சிருக்காளா?" என்றாள் மெதுவாக. "அம்மா சரியா இல்லடா. நான் டிக்கெட் போடறேன்."

அம்மா எனக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

"என்னடி டிக்கெட்டு? கொடியில பொம்பளத் துணி மட்டுமே காஞ்சா, இந்த வீட்டுல ஒண்டியா ஒருத்தி இருக்கான்னு பாக்கறவனுக்குத் தெரியாதா? ஒரு நாள் சட்டை, ஒரு நாள் பேண்ட்டுன்னு போடறேன். வாசல்ல செருப்பையும் அப்பப்போ திருப்பி வைக்கிறேன். இதுவரைக்கும் ஒரு பய வரல. உன் கேமராவே ஏமாந்துடுச்சு பாரு."

அப்பாவின் செருப்பு வாசலிலேயே கிடப்பதைப் பார்த்து, எடுத்து வைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை என்று நினைத்திருந்தேன். அது வேலையில் இருந்திருக்கிறது.

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "சரிம்மா. நீ அங்கயே இரு. ஆனா போன் இப்படிக் கத்தினா நான் ஆபீஸ்ல வேலை பாக்க முடியாது. தம்பி, அது ஆள் இல்லன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துடு."

அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள். சட்டையைச் சுற்றியிருந்த கட்டத்தை அழுத்தினேன். 'இது நபரா?' என்று கேட்டது. ஆம், இல்லை. 'இல்லை' என்றால் இனி ஒருபோதும் இதை அடையாளம் காட்டாது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

திரையின் ஓரத்திலிருந்து அம்மா உள்ளே வந்தாள். சட்டையின் காலரை நிமிர்த்தினாள். மேல் பொத்தானைப் போட்டாள். எந்தத் திருடனாலும் தெருவிலிருந்து அந்தப் பொத்தானைப் பார்க்க முடியாது. கை மடிப்பை விரித்து உள்ளங்கையால் நீவினாள். திரையில் இரண்டு நபர்கள் நின்றார்கள்.

"அழுத்திட்டியா?" என்றாள் அக்கா. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

காற்று நின்றது. சட்டை அசையாமல் தொங்கியது. அதைச் சுற்றியிருந்த கட்டம் மங்கி, அழிந்தது. அம்மா அதன் கையைப் பிடித்து ஒருமுறை உதறினாள். கட்டம் திரும்ப வந்தது.