தராசு முனிக்குப் பாதி பலம்

கொழும்பில் புத்தகக் கடையில் நிற்கிற ஜெகன் 2007 நத்தார் பண்டிகைக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு லீவில் வந்தபோது ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தான். பலகை இல்லை, காய் இல்லை. ஒரு தாயக்கட்டையும் வாயும்தான். ஆளுக்கொரு ஆளை உண்டாக்க வேண்டுமாம். அந்த ஆளுக்கு ஒரு பெயர், ஒரு மந்திர சக்தி, அந்தச் சக்திக்கு ஒரு குறை. பிறகு ஜெகன் கதை சொல்வான். நம் ஆள் அதில் என்ன செய்கிறான் என்று நாம் சொல்ல வேண்டும். வேலையற்ற வேலை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை, கொழுந்துக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். கங்காணி தனுஷன் விளையாட வருகிறான் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். என் மகள் மல்லிகா கொழுந்து பறிக்கிறவள். ஈரக்கொழுந்து என்று சொல்லி அவள் நிறுவையில் தண்ணீருக்குக் கழித்துக் கழித்து அந்த வாரம் முழுக்க அரைப்பேர் போட்டிருந்தான். அரைப்பேர் என்றால் நிறை போதாதவர்களுக்குப் போடுகிற அரைநாள் சம்பளம். திங்கட்கிழமை பேர் பதிகிற செக்ரோல் புத்தகம் ஒப்பீசுக்குப் போய்விட்டால் எந்தச் சாமியாலும் திருத்த முடியாது. மலையில் கேட்டால் அவசரம் என்று நழுவுகிறவன், உட்கார்ந்து விளையாடும்போது எங்கே நழுவுவான்?

பிள்ளை பார்க்கிற அனிற்றா கதவைத் திறந்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

"ஐயாவு தாத்தா, ஒங்க ஆளோட பேர் என்னா?" என்றான் ஜெகன்.

"முழுப்பேரா, அரைப்பேரா?"

அனிற்றா வாயைப் பொத்திக்கொண்டாள். தனுஷன் தாயக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய ஆள் அக்கினிவர்மன் என்ற ராசா. முறைத்துப் பார்த்தால் மலை எரியும். கங்காணியாக இருப்பது போதவில்லை போலும்.

என் ஆள் தராசு முனி என்றேன். பெக்டரி இயந்திரத்துக்கு ரோதைமுனி இருக்கிறார், கவ்வாத்து வெட்டுக்குக் கவ்வாத்துச்சாமி இருக்கிறார். தராசுக்குத்தான் ஆள் இல்லை, அதனால்தான் நிறுவை இந்த லட்சணத்தில் இருக்கிறது. முனி பக்கத்தில் நின்றால் தராசு பொய் சொல்லாது. அதுதான் சக்தி.

குறை என்ன என்று ஜெகன் கேட்டான். நான் வாய் திறக்குமுன் தனுஷன் சொன்னான்:

"மழையில பாதி பலம். பாதி கழிச்சிரு."

பழகின வாய். எல்லாருக்கும் சம்மதமா என்று ஜெகன் கேட்டான். எல்லாரும் கை தூக்கினால்தான் எதுவும் ஏறும், எதுவும் மாறும் என்பது சட்டம்.

"மழையில எல்லாருக்குமே பாதின்னா எனக்குச் சம்மதம்" என்றேன்.

"ஹரி ஹரி, எல்லாருக்கும்" என்று சிங்களத்தில் சரி சொல்லி, யோசிக்காமல் கையைத் தூக்கினான் தனுஷன்.

கதை தொடங்கியது. ஜெகனும் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன்தானே, அவன் கதையிலும் மழைதான் பெய்தது. ஒரு பூதப் பன்றி பாலத்தை மறித்தது. ராசா முறைத்தார். மழை என்பதால் பாதி நெருப்புத்தான் வந்தது. பன்றிக்கு மயிர் மட்டும் கருகியது. அது முட்டியதில் ராசா ஆற்றில் விழுந்தார்.

தனுஷன் எழுந்தேவிட்டான். "அது மழையா? வெறும் தூறல். தூறலுக்கெல்லாம் பாதி கழிக்கிறது எந்த ஊரு நியாயம்?"

நான் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டேன்.

"போன கெழம மேல்மலையில பேஞ்சது என்னாங்க கங்காணி? மழையா, தூறலா?"

அனிற்றா முந்திக்கொண்டு சொன்னாள்: "தூறல்தான். பிள்ளைங்க துணிய நான் வெளியதானே காயப் போட்டேன்."

ஒன்றும் விளங்காத ஜெகன், தூறலுக்குக் கழிவு இல்லை, எல்லாருக்கும் சம்மதமா என்று கேட்டான். நாங்கள் கை தூக்கினோம். ஆற்றில் கிடக்கிற ராசாவை எண்ணித் தனுஷனும் கடைசியாகத் தூக்கினான்.

"அப்ப மல்லிகாவுக்கு?" என்றேன்.

"ஹரி. திருத்திடுறேன்."

ராசா கரையேறினார். திங்கட்கிழமை மல்லிகாவுக்கு அந்த வாரம் முழுக்க முழுப்பேர் விழுந்தது.

அடுத்த ஞாயிறு தனுஷன் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். அக்கினிவர்மன் வேண்டாமாம். புது ஆள், பெயர் மழையரசன். அவன் கையசைத்தால் தூறல் அடைமழையாகிவிடும்.

எல்லாருக்கும் சம்மதமா என்று ஜெகன் கேட்டான்.

நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.