கொட்டச்சேட்டில் நிற்கும் பாட்டு

சிங்கராயர் கோயில் பியானோவின் மேல்மூடியைத் திறந்து, உள்ளே எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றினார். விரலைச் சுட்டது. மலை ஈரத்தில் கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க அக்கா அற்புதம் இரவும் பகலும் எரியவிட்டிருந்த பல்பு. நேற்று விடியற்காலை அவள் இறந்துபோனாள். அதை அணைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

நாலு மணிக்கு அடக்கம். நாகலூர் மாதா கோயிலில் அவளை விட்டால் பியானோ வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் அதைத் தொட்டுப் பதினேழு வருடமாகிறது.

பாடற்குழுவை நடத்தும் மகள் மரியசெல்வி, அத்தையின் நோட்டோடு வந்தாள்.

"அப்பா, இந்தப் பாட்டையே பாடிரலாமுங்களா? நீங்க எழுதுனதாமே. காலைல பாடிப் பாத்தோம், நொம்ப நல்லாருக்குதுங்க. இத்தன நாளா ஏனுங்க யாருமே பாடுல?"

அவர் பல்பை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"வரிக்கு மேல ஊர் ஊரா எழுதி வெச்சிருக்குதுங்க அத்தை. பஸ் போர்டாட்டம்."

பதினாறு வயதில் அற்புதம் எஸ்டேட் பங்களாவில் வேலைக்கு நின்றாள். துரைசாணி வாசிக்கும்போது தூசி தட்டுகிற சாக்கில் பக்கத்தில் போய், எந்த மூன்று கட்டைகள் ஒன்றாக அமுங்குகின்றன என்று பார்த்து வைத்துக்கொள்வாள். அதற்கு என்ன பெயரென்று கேட்கத் துணிச்சல் இல்லை. துரை குடும்பம் பியானோவைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய பிறகு, அக்காளும் தம்பியும் அந்தக் கட்டைச் சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் தாங்களாகவே மலை ஊர்களின் பெயரை வைத்தார்கள். எதில் வந்து நின்றால் பாட்டு முடிந்ததென்று மனசு உட்காருமோ, அது நாகலூர். வெளியே பார்த்துத் திறப்பது தலைச்சோலை. நிற்கவிடாமல் இன்னொரு அடி எடுத்து வைக்கச் சொல்வது கொட்டச்சேடு. இப்படிச் சேர்ந்து ஒலிப்பதற்கு இங்கிலீஷில் 'கார்டு' என்று ஒரு பெயர் இருப்பதே சேலத்திலிருந்து வந்த ஒரு கிட்டார்க்காரன் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் இருவரும் நாற்பது பாட்டுக் கட்டியிருந்தார்கள். சொல் அவருடையது, ஊர் ஊராகப் போகும் வழி அவளுடையது.

அடுத்துக் கட்டியதுதான் இந்தப் பாட்டு. அது 'வீடு வந்தோம் ஆண்டவரே' என்று முடிந்தது. அவள் அதைக் கொட்டச்சேட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஏனக்கா, ஊடு வந்தாச்சுன்னு சனம் பாடுது. நீ நடுவழில எறக்கி உட்டா எப்படி?"

"வந்தாச்சுன்னு நீ எழுதிப்போட்ட, சாமி. எனக்கு அப்படித் தெரியலியே."

"முடியாத பாட்ட எவன் கேப்பான்?"

"நீ கேளேன்."

எழுபத்தொன்றாம் வருடம், மாதா திருவிழா அன்று, அந்தக் கடைசி வரியில் அவள் கை கொட்டச்சேட்டிலேயே நின்றது. சனம் முழித்தது. பக்கத்தில் நின்ற சிங்கராயர் குனிந்து, அவள் கைக்கு மேலாகத் தன் கையை நீட்டி நாகலூரை ஓங்கி அழுத்தினார். கோயிலே மூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள். அற்புதம் கட்டைகளின் மேல் மூடியைச் சாத்தினாள்.

அன்று மதியம் அவர் இலையில் கறிக்குழம்பு ஊற்றியதும் அவள்தான். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எழுதிக் கொண்டுபோன எதற்கும் அவள் வழி சொல்லவில்லை. "காப்பி குடிச்சுட்டுப் போ சாமி" என்பாள். நாளடைவில் அவரும் எழுதுவதை விட்டார். இந்தத் திருவிழாவுக்காவது கேட்டுவிட வேண்டும், தப்புத்தான் அக்கா என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தார். திருவிழாக்கள்தான் வந்து வந்து போயின.

"கடைசில ஒண்ணு உட்டுப்போச்சுங்கப்பா" என்றாள் மரியசெல்வி. "கொட்டச்சேட்டோட நிக்குது. நாகலூர் எழுத அத்தை மறந்துருச்சாட்ட இருக்குது. நான் எழுதிரட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவள் பென்சிலால் எழுதினாள்.

அக்காவின் பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். பூசை முடிந்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். முதல் அடியில் அவர் விரல்கள் தடுமாறின. இரண்டாம் அடியில் வழி தெரிந்தது. அக்கா பார்த்துப் பார்த்துப் போட்ட வழி. தன் சொற்களை இவ்வளவு மெதுவாக அவள் நடத்திக் கூட்டிப்போயிருப்பதை அவர் இன்றுதான் கேட்டார்.

கடைசி வரி வந்தது. தலைச்சோலை. கொட்டச்சேடு. 'ஆண்டவரே' என்று குழு இழுத்துப் பிடித்தது. மரியசெல்வி நோட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கண்ணாலேயே அவர் கையைக் காட்டினாள். இடப்பக்கம் நாலு கட்டை நகர்ந்தால் போதும், நாகலூர்.

கை நகரவில்லை.

பாடற்குழுப் பிள்ளைகளுக்கு மூச்சு தீர்ந்து, குரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கம்பியின் ஒலி மட்டும் தேய்ந்து தேய்ந்து போய்க்கொண்டிருந்தது. கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் ஞானசுந்தரம் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

யாரும் உட்காரவில்லை. உபதேசியார் தலையசைக்க, நான்கு பேர் வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். செருப்பில்லாத கால்களின் சத்தம் நடுவழியே மெல்லப் போயிற்று. சனம் பின்னால் நகர்ந்தது. பெட்டி வாசலைத் தாண்டும்வரை அந்த மூன்று கட்டைகளும் அவர் விரலடியில் அமுங்கியே இருந்தன.