இடது லேன் காலியாக இருந்தது

...ஏழாவது காரும் பக்கத்து லேனுக்கு விலகவில்லை, எட்டாவது ஏதோ பெரிய மனசு பண்ணி வெள்ளைக் கோட்டை ஒரு சக்கரத்தால் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டது, இவர்களையெல்லாம் போக விட்டுவிட்டு என்னைப் பிடித்திருக்கிறான் பார், என்னை, இருபத்திரண்டு வருடமாக இதே நெடுஞ்சாலையின் ஓரத்தில் முழங்கால் போட்டு, நின்றுபோன வண்டிகளை இழுக்கச் சங்கிலி மாட்டுகிற என்னை... மார்லிஸ் டோலெஃப்சன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், நின்றுகொண்டிருக்கும் காரை ஓட்டுகிறவள் மாதிரி. பின்னால் லைல் ஸ்கோகனின் போலீஸ் கார், தலையில் சிவப்பும் நீலமும் சுழல, உள்ளே லைல் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறான், அவளுடைய லைசென்ஸ் அவன் கையில். எழுதட்டும். ஒன்பதாவதும் விலகவில்லை. ஒவ்வொன்றும் கடக்கும்போது அவளுடைய கார் ஒரு தடவை ஆடி நிற்கிறது, பக்கத்து இருக்கையில் அக்கா பேத்தியின் ஞானஸ்நானத்துக்கென்று பண்ணி எடுத்துவந்த ஹாட்டிஷ் பாத்திரத்தின் அலுமினியத் தாள் படபடக்கிறது. மாட்டிறைச்சியும் காளான் சூப்பும், மேலே உருளைக்கிழங்குத் துண்டுகளை வரிசை பிசகாமல் அடுக்கி, காலையில் ஐந்தரைக்கு எழுந்து செய்தது. இது ஆறி அவலாகப் போகட்டும், இவனுக்கென்ன.

என்ன கேட்டான் வந்ததும்? வலது பக்கக் கண்ணாடியைத் தட்டினான், சாலைப் பக்கம் வரவில்லை, அந்த மட்டும் புத்தி இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். "எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுமா, மிஸஸ் டோலெஃப்சன்?" மிஸஸ் டோலெஃப்சனாம். அவளுக்கு அங்கேயே சுருக்கென்றது. "என்ன லைல், பேர் மறந்துபோச்சா? மைனஸ் முப்பதுல என் வண்டில ஏறி உட்கார்ந்து என் காபியக் குடிச்சப்போ மார்லிஸ்னுதானே கூப்பிட்ட?" "இன்னைக்கு டியூட்டில இருக்கேன்." "அன்னைக்கு என்ன, பிக்னிக் வந்திருந்தியா?" அவன் சிரிக்கவில்லை. ஹாட்டிஷை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். "அங்க ஒரு ரெக்கவரி வண்டி ஓரமா நின்னு, பழுதான காரை ஏத்திட்டிருக்கு. மஞ்ச விளக்கு எரியுது. நீங்க லேனும் மாறலை, வேகத்தையும் குறைக்கலை. இடது லேன் காலியா இருந்துச்சு." "பீட் கிழங்கு லாரி வந்துச்சு." "பின்னாடி வந்துச்சு, கால் மைல் பின்னாடி. கேமராவில இருக்கு." கேமராவாம். அந்த லாரிக்காரர்களைப் பற்றிக் கேமராவுக்கு என்ன தெரியும், அக்டோபர் வந்துவிட்டால் வயலிலிருந்து சர்க்கரை ஆலைக்குப் பேய் மாதிரி ஓட்டுகிறவர்கள், கால் மைல் பின்னால் என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் பம்பரில் இருப்பார்கள்... இருந்ததா? கண்ணாடியில் பார்த்தாளா அதை? பார்த்திருப்பாள். எப்போதும் பார்ப்பாள். எந்த நிறம் அந்த லாரி? பச்சையோ நீலமோ, இப்போது அதுவா முக்கியம்.

முதலாளி விர்ஜிலுக்கு என்ன சொல்வது. அபராதத்தைக் கட்டிவிடலாம், அது போகட்டும், ஆனால் விர்ஜிலின் ஆபீஸ் சுவரில், சாவி மாட்டும் ஆணிகளுக்குப் பக்கத்தில், தடித்த எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: சாலையோரத்தில் நிற்கும் வண்டிக்கு இடம் விடாமல் போய் டிக்கெட் வாங்குகிறவருக்கு இங்கே இனி சாவி கிடையாது. முதலாளி போட்ட சட்டமில்லை அது. கூட வேலை பார்த்த ஆரின் சாலையோரத்தில் கார் மோதிச் செத்த மறுவாரம் மார்லிஸே எழுதி மார்லிஸே ஒட்டியது. விர்ஜில் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு தடவைக்கு எச்சரிக்கைன்னு போடலாமே, மார்லிஸ்" என்றபோது, "ஆரினுக்கு ரெண்டாவது தடவை கிடைச்சுதா?" என்று அவன் வாயை அடைத்தவளும் அவள்தான். அதன் பிறகு ஒரே ஒருவன் மாட்டினான், கெய்லன், மூன்று பிள்ளைக்காரன், கெஞ்சினான், மசியவில்லையே அவள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுக்கச் சொல்வான் விர்ஜில், அதுவும் பாவம் பார்த்து. ஐம்பத்தாறு வயதில் போன். அந்த வண்டி இல்லாமல் அவள் யார்? கேரியின் மாஜி மனைவி, டோனாவின் தங்கை, ஹாட்டிஷ் நன்றாகப் பண்ணுகிறவள். வண்டியோடு இருந்தால்தான் பனியில் பள்ளத்துக்குள் கிடக்கிறவன் அவள் விளக்கைப் பார்த்து அழுவான், கடவுளே வந்தீங்களா என்பான்... அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இத்தனையும்.

இத்தனைக்கும் யாருக்காக இந்தத் தண்டனை, அந்த மடையனுக்காக. அவனை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. எந்தக் கம்பெனி ஆளோ, புது வண்டி, மின்னுகிற சாய்தள வண்டி, ஒரு வெள்ளிநிறக் காரை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறான், எங்கே நின்று? இடது பக்க லீவரில் நின்று. சாலைப் பக்கம். போகிற வருகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அதே லீவர்கள் வலது பக்கமும் இருக்கின்றன, புல்தரைப் பக்கம், அதற்குத்தான் இரண்டு பக்கமும் வைத்துச் செய்கிறார்கள், நாலு எட்டு சுற்றிப் போக வலிக்கிறது இவனுக்கு. கையுறை இல்லை. ஒளிரும் சட்டையை இடுப்பில் கட்டியிருக்கிறான், உடம்பில் போட வேண்டியதை, வெக்கையாக இருக்கிறதாம் போல. சங்கிலியின் கொக்கி கோணலாக மாட்டியிருந்தது, அதைக்கூட அவள் பார்த்தாள். அட கிறுக்கா, அந்தப் பக்கம் போடா, போடா என்று காருக்குள் அவள் வாய்விட்டே கத்தினாள், கத்திக்கொண்டே அவனைக் கடந்தாள், அவன் சட்டென்று வண்டியோடு வண்டியாக ஒட்டிக்கொண்டான், வயிற்றை எக்கி, கன்னத்தை இரும்பில் பதித்து... அந்த ஒட்டல் அவளுக்குத் தெரியும். அவள் உடம்புக்கே தெரியும். எவனோ ஒருவன் மிக அருகில் போகும்போது யோசிக்காமல் உடம்பே செய்துகொள்வது அது. எவனோ ஒருவன். சரி, இந்த முறை அவள். ஆனால் அவன் ஏன் அங்கே நின்றான், அதைக் கேட்கிறார்களா யாராவது? ஆரின் அங்கே நின்றதில்லை. ஒன்பது வருடம் அவளோடு ஒரே ஷிப்டில் ஓடியவன், ஒரு நாளும் நின்றதில்லை, அன்றைக்குக் காரைக் கட்டும் பட்டை ஒன்று சிக்கிக்கொண்டது என்று ஒரு நிமிடம் இடது பக்கம் போனான். அவள் வலது பக்கம் லீவரைப் பிடித்திருந்தாள். சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

பத்தொன்பது, இருபது... எண்ணிக்கை எங்கேயோ விட்டுப்போயிற்று. லைல் கதவைத் திறக்கிறான், புல்லோரமாக நடந்து வருகிறான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான். தொப்பி இல்லாமல் வந்தால் அது வேறு லைல். வலது கண்ணாடியை அவள் இறக்கினாள். அவன் குனிந்து, ஹாட்டிஷின் ஆவி முகத்தில் அடிக்க, கண்ணாடி விளிம்பில் கையை ஊன்றினான். அப்புறம் பழைய குரலில் பேசினான்.

"மார்லிஸ், விர்ஜில் சுவத்துல இருக்கிற தாள் எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சும்தானே எழுதற."

"இன்னும் எழுதி முடிக்கலை. இங்க பாரு. நீ கிழக்க பார்த்து ஓட்டற. ஒன்பதரை மணி, வெயில் நேரா கண்ணாடில அடிக்குது. எனக்கே கூசுது. கண்ணு கூசி அந்த ஆளைப் பார்க்கலைன்னா சொல்லு. எச்சரிக்கைன்னு எழுதிக் குடுத்துடறேன். அது விர்ஜில்கிட்ட போகாது."

பார்க்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் டோனா வீட்டுக்குப் பதினொன்றுக்குள் போய்விடலாம், திங்கட்கிழமை ஆணியிலிருந்து சாவியை எடுக்கலாம். வாயைத் திறந்தாள், சொல்லத்தான் திறந்தாள், ஆனால் என்ன கேட்கிறான் இவன், யாரைப் பார்த்துக் கேட்கிறான், பார்க்கவில்லையாம், கண்ணில் மை பூசிக்கொண்டு போனில் விரலை ஓட்டிக்கொண்டு போகும் ஜென்மங்களில் ஒருத்தியா அவள்?

"நான் பார்க்கலையா? எனக்கா கண்ணு தெரியல? அரை மைலுக்கு முன்னாடியே பார்த்துட்டேன் லைல். இடது பக்க லீவர்ல நிக்கறான் அந்தக் கிறுக்கன், கையில உறை இல்ல, சட்டைய இடுப்புல சுத்தியிருக்கான், கொக்கி கோணலா மாட்டியிருக்கு, நீ வேணா போய்ப் பாரு. கண்ண எடுக்கவே இல்ல அவன்மேல. தாண்டிப் போற வரைக்கும் அவனையேதான் பார்த்துட்டிருந்தேன்."

லைல் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் குரல் அவளுக்கே எட்டியது, கொஞ்சம் தாமதித்து, பக்கத்து அறையில் வேறு யாரோ பேசுகிற மாதிரி. அவனையேதான் பார்த்துட்டிருந்தேன். இதைக் கேட்டிருக்கிறாள். மாவட்டக் கோர்ட்டில், மூன்று வருடம் முந்தைய மார்ச்சில், சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண், ஆரினை இடித்த பெர்னெட்டா, பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள், கூண்டில் நின்று கைக்குட்டையைத் திருகிக்கொண்டு, நான் அவரைப் பார்த்தேன் ஐயா, முதலிலிருந்தே பார்த்தேன், தொப்பி பறந்துவிடப் போகிறதே என்று அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். மார்லிஸ் எழுந்து நின்று கத்தினாள் அன்று, பார்த்தவள் எப்படி இடிப்பாள், கூசாமல் பொய் சொல்கிறாளே, வாய் அழுகிப்போகட்டும் என்று. இரண்டு பேர் பிடித்து வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு கவர் வந்தது, மூன்றையும் பிரிக்காமல் குப்பையில் போட்டாள், மேலே காபித்தூள் சக்கையையும் கொட்டினாள், தப்பித் தவறி எடுத்துப் படித்துவிடக்கூடாது என்று. போனில் இருந்தேன் என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பாள், தூங்கிவிட்டேன் என்றிருந்தால்கூட. பார்த்தேன் என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

"மார்லிஸ்," என்றான் லைல் மெதுவாக, "அப்படியே எழுதட்டுமா?"

அந்த வெள்ளிநிறக் காரின் டயரில் ஒட்டியிருந்த களிமண் வரை சொல்லுவாள் அவள். அந்த நேரத்தில் தன் சக்கரம் எங்கே ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டால்... வலது கோட்டின் மேலா, உள்ளேயா? இடது லேனில் யார் இருந்தார்கள்? யாரும் இல்லை. பார்க்கவே இல்லை அந்தப் பக்கம். பார்க்கிற பக்கம்தான் வண்டி சாயும், அது அவளுக்குத் தெரியாதா, கெய்லனுக்கே சொல்லிக் கொடுத்தவளாயிற்றே.

"எழுது," என்றாள்.

அவன் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான். அவள் அதை ஹாட்டிஷின் மேல் வைத்தாள், சூட்டில் ஓரம் சுருண்டது. பெர்னெட்டா பொய் சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த ஸ்வெட்டர்க்காரி கூண்டில் நின்று தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லியிருக்கிறாள், அது தனக்கு எதிராகப் போகும் என்று தெரிந்தே. அந்தக் கவர்களில் முகவரி இருந்திருக்கும், மேல் இடது மூலையில், அதைக்கூட அவள் பார்க்கவில்லை. மூன்று வருடம் சோறு தண்ணி மாதிரி இந்தக் கோபத்தைத் தின்றுதானே அந்த வண்டியை ஓட்டினாள், இப்போது அதை எடுத்து யார் மேல் வைப்பது... பின்னால் லைல், அவள் சாலையில் ஏறிப் போகும் வரை விளக்கை அணைக்காமல் காத்துக்கொண்டிருந்தான். மார்லிஸ் சிக்னலைப் போட்டாள். போட்டுவிட்டுக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள்.