பின்னட்டையில் வருகிறவன்

நான்கு அட்டைகள் ஒரே தாளில், வெட்டாமல், மை காயாமல், கொடியில் கவ்வி போட்டுத் தொங்குகின்றன, மின்விசிறிக் காற்றில் மெல்ல ஆடுகின்றன, மூன்று அட்டைகள் நேராக இருக்க நான்காவது மட்டும் தலைகீழாக இருக்கிறது, தாள் வீணாகாமல் இருக்க அப்படித்தான் அடுக்குவார்கள், அந்தத் தலைகீழ் அட்டையின் முன்பக்கத்தில் பாதி திறந்த ஒரு கதவு, பின்பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாவின் சிறிய புகைப்படம், புகைப்படத்துக்குப் பக்கத்தில் நான் எழுதிய எட்டு வரிகள், தொடாத தம்பி, ஈரமா இருக்கு, கையில வந்துரும் என்கிறார் அச்சகத்து ஜலீல் பாய், நான் தொட்டுவிடுகிறேன், தலையைச் சாய்த்து என் வரிகளை நானே வாசித்துச் சந்தோஷப்படுகிறேன், ஆமாம், அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது, புத்தகத்தில் அச்சான என் முதல் எழுத்து அது, அதில் என் பெயர் கிடையாது, பின்னட்டை எழுதுகிறவனுக்குப் பெயர் கிடையாது, விரலில் ஒட்டிய கறுப்பை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்தேன், போய்விட்டது என்று நினைத்தேன்.

அதற்கு முன் மூன்று வருடம் இரவு வேலை, கண்ணாடிக் கட்டிடம், காதில் ஹெட்செட், விமான நிலையங்களில் பெட்டியைத் தொலைத்த வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள், கத்துவார்கள், சிலர் அழுவார்கள், பெட்டி எங்கே என்று எங்களுக்கும் தெரியாது, ஆனால் தெரியாது என்று மட்டும் சொல்லக் கூடாது, வந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும், சொல்லும்போது குரல் இறங்கக் கூடாது, ஒரு மாதம் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தது அந்த ஒன்றைத்தான், ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன், எத்தனை பெட்டி வந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, படிப்பைப் பாதியில் விட்டவன் அந்த வேலையையும் பாதியில் விட்டேன், பெரிய காரணம் ஒன்றுமில்லை, தூக்கம் வேண்டியிருந்தது, எட்டு மாதம் தூங்கினேன். பிறகு ராயப்பேட்டையில் ஒரு மாடியில், நாவல்களுக்குப் பின்னட்டைக் குறிப்பு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன், பதிப்பாளர் தவசிமுத்து அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், புத்தகக் கட்டுகளுக்கு நடுவே பனியனோடு உட்கார்ந்திருந்தார், என்ன படிச்சிருக்க என்று கேட்டார், பாதி என்றேன், நல்லதாப் போச்சு, முழுசாப் படிச்ச ஒருத்தன் இங்க இருந்தான், கடைசியில கொலைகாரன் யாருன்னு அட்டையிலயே போட்டுட்டான், அனுப்பிட்டேன் என்றார், இங்க பாரு, புத்தகச் சந்தையில ஒருத்தன் ஒரு கையில மிளகா பஜ்ஜியோட நிக்கான், இன்னொரு கையால புத்தகத்தைத் திருப்புதான், எட்டு வரி, அதைப் படிச்சிட்டு அவன் பஜ்ஜியைக் கீழ போட்டுட்டு முதல் பக்கத்தைத் திறக்கணும், அம்புட்டுதான் உன் வேலை, ஒரு நாவலின் நாற்பது பக்கத்தைக் கொடுத்து அங்கேயே உட்கார்ந்து எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன், உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார், பரவால்லயே, முழுசாப் படிக்காமலே முழுசாப் படிச்சவன் மாதிரி எழுதுதியே, நாளைக்கு வா, மூஞ்சியக் கழுவிட்டு வா, ஆந்தை மாதிரி இருக்க என்றார், வேலைக்கு எடுத்த விதம் அதுதான், அந்தப் பாராட்டில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த வருடம் சந்தைக்கு நான்கு நாவல், அட்டைகளை நான்கு நான்காகத்தான் அச்சடிப்பார்கள், ஒன்று தயாராகாவிட்டால் மற்ற மூன்றும் நிற்கும், மூன்று தயாராக இருந்தது, நான்காவது அமிர்தவல்லி அம்மாவுடையது, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பெரம்பூரில் தனியாக இருந்தார், அறுபத்து மூன்று வயதில் முதல் நாவல், பழைய பார்சல் படிவங்களின் காலியான பின்பக்கங்களில் எழுதி, அத்தியாயம் அத்தியாயமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார், கதை என்று பெரிதாக இல்லை, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வீட்டை விட்டுப் போய்விடுகிறான், அம்மா தினமும் மதியம் அவனுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறாள், சாயங்காலம் அதைத் தானே தின்கிறாள், இருபத்திரண்டு வருடம், பதினான்கு அத்தியாயம் வந்திருந்தது, பதினான்காவதின் கடைசி வரியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், அதற்கு மேல் வரவில்லை, ஃபோன் போட்டேன், இன்னும் ஒண்ணுதான் தம்பி, எழுதிட்டுதான் இருக்கேன், கை ஓட மாட்டேங்குது, பத்து நாள் குடு என்றார் அந்த அம்மா, அண்ணாச்சியிடம் சொன்னேன், பத்து நாளா, பாய் மிஷினை நமக்காக நிப்பாட்டி வச்சிருக்காரு வே, கதவைத் தட்டுதான்லா, பொறவென்ன, எழுது என்றார், எழுதினேன், கதவைத் தட்டுவது யாராக இருக்கும் என்று ஒரு நிமிடம்கூட யோசித்த ஞாபகம் இல்லை, தட்டுறது யாரும்மா என்று ஃபோனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, விரல்கள் தாமாகவே எழுதின, மூன்று வருடம் வாய் பழகியதைத்தான் விரல் எழுதியது, எட்டாவது வரி இப்படி முடிந்தது, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மதியத்தில், சோறு ஆறும் முன்பே, அவன் வந்துவிடுகிறான். அண்ணாச்சி படித்துவிட்டுத் தொடையில் தட்டினார், முடிவைச் சொன்ன மாதிரியும் இருக்கு, சொல்லாத மாதிரியும் இருக்கு, பஜ்ஜி விழுந்துட்டு வே என்றார்.

அட்டை அச்சாகி நான்காம் நாள் கடைசி அத்தியாயம் வந்தது, ஏழு பக்கம், கதவைத் தட்டியவன் மகன் இல்லை, சூரத்தில் மகனோடு ஒரே அறையில் தங்கியிருந்த யாரோ ஓர் ஆள், மகன் இறந்த செய்தியோடு வந்திருக்கிறான், கையில் ஒரு ரெக்ஸின் பை, பைக்குள் இரண்டு சட்டை, ஒரு சீப்பு, அம்மாவின் முகவரி மட்டும் எழுதிய ஓர் அஞ்சலட்டை, மறுபக்கம் காலி, அவள் அந்த ஆளை உட்காரவைத்து, மகனுக்கு மூடி வைத்திருந்த சோற்றை அவனுக்குப் போடுகிறாள், அவன் தின்று முடித்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள், நாவல் முடிந்துவிடுகிறது, நான் படித்தவற்றிலேயே நல்ல ஏழு பக்கம். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார், போய் அந்தம்மாகிட்ட நயமாச் சொல்லு, கடைசியக் கொஞ்சம் மாத்த முடியுமான்னு கேளு, முடியாதுன்னா வற்புறுத்தாத, அந்த ஒரு வரி மேல ஸ்டிக்கர் ஒட்டிரலாம், பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா அவங்க புத்தகம்லா என்றார், அண்ணாச்சி இதைச் சொன்னார், ஸ்டிக்கர் என்ற வார்த்தையை என் காதால் கேட்டேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரம்பூரில் இரண்டாவது மாடி, வாப்பா, நீதான் அட்டைக்கு எழுதுற தம்பியா, ஃபோன்ல கேட்டப்ப வயசானவர்னு நெனச்சேன், கொழந்தையாட்டம் இருக்க என்று சிரிக்கிறார், நான் கொண்டுபோயிருந்தது பாய் கொடியில் போட்டிருந்த அந்த வெட்டாத தாள், நான்கு அட்டையும் இருந்தது, அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பித் தன்னுடையதை வாசிக்கிறார், எட்டாவது வரிக்கு வந்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, ரொம்ப நேரம், கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போய் மறுபடி திரும்பி வருகிறான், நல்லா எழுதிருக்க தம்பி என்றார், பிறகு, அந்தப் பை உள்ள அலமாரியில இருக்கு, பாக்கறியா என்றார், அப்போதுதான் கதை கதை இல்லை என்று எனக்குத் தெரிந்தது, பையனின் பெயர் உதயன், பை வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, பை வந்த பிறகும் ஆறு வருடமாகத் தட்டு வைத்திருக்கிறார், யார்கிட்டயும் சொன்னதில்ல, பைத்தியம்பாங்க, பைதான வந்துச்சு, ஆளை யார் பாத்தான்னு மனசு கெடந்து அடிச்சுக்கும், இந்த ஏழு பக்கம் எழுதி முடிச்சேன் பாரு, அன்னிக்குத்தான் தட்டைக் கழுவிப் பரண்ல போட்டேன், ஒரு வாரமா ஒரு ஆளுக்குத்தான் ஒலை வைக்கறேன், கை பழகல, அரிசி கூடிப்போயிடுது என்று மறுபடியும் சிரித்தார், அந்தச் சிரிப்பில் வலி இல்லை, அதுதான் என்னை இன்றைக்கும் விடாத விஷயம், அந்த வாரம் அவர் நன்றாக இருந்தார், அந்த நேரத்தில் நான் ஸ்டிக்கர் என்று சொல்லியிருக்க வேண்டும், ஒரே வார்த்தை, ஆனால் ஆயிரம் புத்தகத்தின் முதுகிலும் என் தப்பு ஒட்டிக்கொண்டு நிற்கும், சந்தையில் யாராவது நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள், எட்டு மாதம் தூங்கி எழுந்து கிடைத்த வேலை, அட்டை அச்சாயிடுச்சும்மா என்றேன், ஒண்ணும் பண்ண முடியாதா என்று கேட்டார், அச்சாயிடுச்சும்மா என்றேன், குரல் இறங்கவில்லை. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், வந்துடறான்னு போட்டுட்டீங்க என்றார், என்னிடம் அல்ல, சரி, ஒரு வாரம் குடு, அந்தப் பழசைக் கிழிச்சுப் போட்டுடு, இந்தத் தாள் எங்கிட்டயே இருக்கட்டும். புது முடிவு ஒரே வாரத்தில் வந்தது, அதே கதவு, அதே ரெக்ஸின் பை, ஆனால் மகனின் தோளில். பழைய ஏழு பக்கத்தை நான் கிழிக்கவில்லை.

சந்தையில் பஜ்ஜிகள் விழுந்தன, ஆயிரமும் தீர்ந்தது, மகன் வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த இடத்தில் அழுதுவிட்டேன் என்று கோயம்புத்தூரிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் கடிதம் எழுதினார்கள், அண்ணாச்சி என்னை நிரந்தரமாக்கினார், ராசியான கை வே என்று எல்லோரிடமும் காட்டினார், நான் மறுபடியும் தூக்கம் கெட்டவன் ஆனேன், கண்ணை மூடினால் விமான நிலையத்தின் கறுப்புப் பட்டை சுற்றுகிறது, எல்லாப் பெட்டியையும் எல்லோரும் எடுத்துப் போய்விட்டார்கள், ஒரு ரெக்ஸின் பை மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது, பட்டையின் ஓரத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா மூடிய தட்டோடு நிற்கிறார், பை முன்னால் வரும்போதெல்லாம் அதைத் தாண்டி, பட்டை புறப்படுகிற இருட்டுப் பொந்தைப் பார்க்கிறார், என் காதில் ஹெட்செட், வந்துகொண்டிருக்கிறது அம்மா என்கிறேன், இது கனவில் நடந்ததா, அந்தக் கண்ணாடிக் கட்டிடத்தில் யாராவது ஒரு பெண் நிஜமாகவே ஃபோனில் சொன்னதா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் பதிப்பின் பிரதிகளையும் வாசகர் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு பெரம்பூருக்குப் போகிறேன், பைக்குள் அந்த ஏழு பக்கமும் இருக்கிறது, இன்றைக்கு ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லிவிடுவது, அண்ணாச்சி உங்களுக்காக அதையும் சொன்னார், நான்தான் முழுங்கிவிட்டேன் என்று சொல்லி இந்தப் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவது, மூன்றாம் பதிப்பில் உங்கள் முடிவையே போடுவோம் என்பது, பேருந்தில் நான்கு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன், மதியம் ஒன்றரை மணி, கதவு பாதி திறந்திருக்கிறது, நான் தட்டுகிறேன், உள்ளே எதுவோ கீழே விழுந்து உருளுகிறது, கரண்டியாக இருக்கலாம், அந்த அம்மா ஓடி வருகிறார், அறுபத்து மூன்று வயதில் அப்படி ஓடி வரக் கூடாது, என் முகத்தைப் பார்க்கிறார், ஒரு நொடி, ஓ, நீயா தம்பி, வா வா, வெயில்ல வந்திருக்க என்கிறார், அந்த ஒரு நொடியில் நான் பார்த்ததைச் சொல்லப்போவதில்லை. கூடத்தில் தரையில் தட்டு, மூடியிருக்கிறது, நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார், அது இருக்கட்டும், உனக்கு வேற தட்டு எடுத்தாறேன், சாப்பிடாமப் போவக் கூடாது என்று உள்ளே போனார், நான் மகன் இல்லை, அந்தச் சோற்றைத் தின்று அதை முடித்துவைக்கப் பிறந்த அந்தச் சூரத்து ஆளும் இல்லை, அவனைத்தான் நான் வரவிடாமல் செய்துவிட்டேன். அரிசி இப்ப சரியா இருக்கு தம்பி, ரெண்டு ஆளுக்குத்தான் கை பழகிருக்கு, என்று சொல்லிக்கொண்டே எனக்குப் போட்டார், குழம்பு ஊற்றினார், எதிரே உட்கார்ந்தார், கடிதங்களைப் பிரிக்கவில்லை, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன், நீ கடைசி அத்தியாயத்தைப் பாக்கவே இல்ல, எதை வச்சு அவன் வந்துடுவான்னு எழுதின, உனக்கா தோணுச்சா, என்று கேட்டார், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், பை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது, ஏழு பக்கமும் உள்ளே இருந்தது, வாயில் சோறு, விழுங்கினேன், ஆமாம்மா, தோணுச்சு என்றேன், வந்துடுவாரும்மா, குரல் இறங்கவில்லை, அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவர் தலையாட்டிக்கொண்டார், மோர் எடுக்க உள்ளே போனார், நான் தனியாக அந்தத் தட்டைப் பார்க்கிறேன், அதை மூடியிருப்பது அன்றைக்கு நான் கொடுத்துவிட்டுப் போன தாள், மற்ற மூன்று அட்டைகளையும் கத்தரித்து எடுத்துவிட்டுத் தன்னுடையதை மட்டும், இப்போது தலைகீழாக இல்லை, நேராக, என் எட்டு வரிகள் மேலே தெரியும்படி வைத்திருக்கிறார், அடியிலிருந்து சோற்றின் ஆவி ஏறித் தாள் ஈரத்தில் கறுத்துப் புடைத்திருக்கிறது, பல நாள் ஆவி, பல நாள் காய்ந்த சுருக்கம், எட்டாவது வரி மட்டும் நன்றாகத் தெரிகிறது, என் கை தானாக நீள்கிறது, தொடாத தம்பி என்கிறார் அந்த அம்மா சமையலறை வாசல்படியில் மோர்ச் சொம்போடு, ஆறிடும்.